அக்கூஸ்டிக் கிட்டாரோடு ஓர் ஆயுள்: வாங்குவது, வாசிப்பது, கைமாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாற்பது வருடங்களாக அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறேன். இதுவரை பதினேழு கிட்டார்கள் என்னிடம் வந்திருக்கின்றன. இப்போது கையில் இருப்பவை மூன்று. மற்றவற்றை விற்றேன், மாற்றிக்கொண்டேன், சிலவற்றைச் சும்மா கொடுத்தேன். புதிதாகத் தொடங்குகிறவர்களும், பல வருடம் வாசித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

முதல் கிட்டார் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்?

கம்பியை அழுத்தச் சுலபமாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளான ஃப்ரெட்டுகளில் 12-ஆவதற்கும் அதன் மேலே ஓடும் கம்பிக்கும் இடையிலுள்ள உயரத்தை ஆக்‌ஷன் என்பார்கள். தடித்த ஆறாவது கம்பிக்கு 2.4 மி.மீ., மெல்லிய முதல் கம்பிக்கு 1.8 மி.மீ. என்ற அளவை ஒட்டி இருந்தால் விரலுக்கு இதம். என் முதல் கிட்டாரில் அது 4 மி.மீ.க்கு மேல் இருந்தது. எனக்கு அது தெரியாது. ஒரே விரலால் பல கம்பிகளைச் சேர்த்து அழுத்த வேண்டிய எஃப் கார்ட் பிடிக்கவே வராமல், என் விரல்கள் இதற்கு லாயக்கில்லை என்று எட்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு ரிப்பேர் தெரிந்த ஒருவர், கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் நட்டின் பள்ளங்களை ஆழமாக்கி, மறுமுனையில் பிரிட்ஜ் என்ற கட்டையின் மேல் அவற்றைத் தாங்கும் சேடிலின் அடியைத் தேய்த்துக் கொடுத்தார். அன்று மாலையே எஃப் கார்ட் ஒலித்தது.

அதனால் எந்தக் கிட்டார் வாங்கினாலும் ஒருமுறை நல்ல செட்டப் செய்துகொள்ளுங்கள். செட்டப் செய்த சாதாரணக் கிட்டாரில் பழகுவது, செட்டப் செய்யாத உயர்ந்த கிட்டாரில் பழகுவதைவிட எளிது. தொடங்குகிற வயதில் கிட்டாரைக் கைவிட்டவர்களில் பலர் தோற்றது இந்த ஒன்றரை இரண்டு மில்லிமீட்டரிடம்தான் என்று நினைக்கிறேன்.

பெரிய உடல் கொண்ட கிட்டாரா, சிறியதா?

கடைகளில் அதிகம் தொங்குவது டிரெட்நாட் வடிவம். அகன்ற இடுப்பு, பெரிய பெட்டி, கனமான ஒலி. மார்ட்டின் நிறுவனம் 1916-இல் டிட்சன் என்ற இசைக்கருவி நிறுவனத்துக்காக இதை முதலில் செய்தது. 1906-இல் வந்த பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயரைத்தான் இதற்கு வைத்தார்கள். தன் சொந்தப் பெயரில் மார்ட்டின் இதை விற்கத் தொடங்கியது 1931-இல். பாட்டுக்குத் துணையாகக் கம்பிகளை ஒருசேர வருடி ஸ்ட்ரம் செய்ய இதைப்போல் ஒன்றில்லை.

ஆனால் விரலால் மீட்டி வாசிக்கிறவர்களுக்கும், உடல்வாகு சிறியவர்களுக்கும் ஓஎம், 000, 00 போன்ற சிறிய வடிவங்கள் பொருந்தும். பெரிய உடலின் மேல் கையைத் தூக்கிப் போட்டு வாசித்தே எனக்குப் பதினைந்து வருடத் தோள் வலி வந்தது. உட்கார்ந்து அரைமணி நேரம் வாசித்துப் பாருங்கள். தோள் மேலே ஏறிக்கொண்டே போனால் அந்த அளவு உங்களுக்கானது இல்லை.

எந்த மரம் நல்லது?

மேல்பலகை முக்கியம். மற்ற மரங்களைப் பற்றிய பேச்சு அவற்றின் உண்மையான பங்கைவிடப் பெரியது.

ஒலியைப் பிறப்பிப்பது மேல்பலகை. பெரும்பாலும் அது ஸ்ப்ரூஸ் அல்லது சிடார். தடிமன் மூன்று மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். அடியில் எக்ஸ் வடிவத்தில் குறுக்குச் சட்டங்கள் ஒட்டியிருப்பார்கள். லைட் கேஜ் என்ற மெல்லிய அளவுக் கம்பிகள் ஆறையும் முறுக்கினால் அந்த மெல்லிய பலகையின் மேல் சுமார் 70 கிலோ இழுவிசை விழுகிறது. ஒலிக்கும்படி மெலிதாகவும், உடையாதபடி உறுதியாகவும் செய்வதில்தான் செய்கிறவரின் திறமை இருக்கிறது. மேல்பலகை ஒட்டுப்பலகையா முழு மரமா என்று பாருங்கள். ஒலித்துளையின் விளிம்பில் மரத்தின் கோடுகள் மேலிருந்து உள்ளே அப்படியே இறங்கினால் முழு மரம். அடுக்கு அடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை.

பின்பலகை, பக்கப்பலகை விஷயத்தில் ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்டது. மற்ற எல்லாம் ஒன்றாக, பின்னும் பக்கமும் மட்டும் வேறு வேறு மரத்தில் ஆறு கிட்டார்கள் செய்ய வைத்தார்கள். எந்த மரம் என்று பார்க்க முடியாதபடி 52 பேரை வாசிக்கவிட்டு மதிப்பெண் போடச் சொன்னார்கள். கிட்டார்களுக்கு இடையே மதிப்பெண்களில் பெரிய வித்தியாசம் இல்லை. இதைப் படித்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, ஏனென்றால் ரோஸ்வுட்டைத் தேடி நான் இரண்டு நல்ல மஹோகனி கிட்டார்களைக் கைவிட்டிருக்கிறேன். ரோஸ்வுட்டின் அழகு பிடித்தால் அழகுக்காகவே வாங்குங்கள்.

ஈரப்பதத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறார்கள்?

பயப்பட வேண்டிய விஷயம் என்பதால்தான். முழு மரத்தில் செய்த கிட்டாருக்குக் காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருப்பது நல்லது. மரம் ஈரத்தை இழுத்து விரியும், விட்டுச் சுருங்கும். அதுவும் நீளவாக்கில் கொஞ்சமும் அகலவாக்கில் அதிகமுமாக. அடியில் குறுக்கே ஒட்டியிருக்கும் சட்டம் அந்த அளவுக்குச் சுருங்காது. பலகை மட்டும் சுருங்கப் பார்த்து, முடியாமல் வெடிக்கும்.

வெடிப்பதற்கு முன் கிட்டார் தகவல் சொல்லும். கழுத்தின் ஓரத்தில் விரலை ஓட்டினால் ஃப்ரெட் முனைகள் கையைக் கீறும். மேல்பலகை உள்வாங்கிக் கம்பி தாழும், இதுவரை இல்லாத அதிர்வுச் சத்தம் கேட்கும். இவை வறட்சியின் அடையாளங்கள். ஈரம் மிகுந்தால் நேர்மாறாக நடக்கும்: பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை உப்பும், கம்பி உயரும், ஒலி அமுங்கிப் போகும்.

செய்ய வேண்டியது எளிது. வாசிக்காத நேரத்தில் பெட்டிக்குள் வையுங்கள். உள்ளே ஒரு சிறிய ஈரமானியைப் போடுங்கள். வறண்ட காலத்தில் ஈரப்பஞ்சு வைத்த பெட்டகம், ஈரமான காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம். சுவரில் மாட்டி வைத்த கிட்டார் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதால் அதிகம் வாசிக்கத் தோன்றும் என்பது உண்மைதான்; அப்படியானால் அந்த அறையின் காற்றைக் கவனியுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். பசை இளகி பிரிட்ஜ் கிளம்பிவிடும். என்னுடைய ஒரு கிட்டார் அப்படித்தான் போயிற்று, இரண்டு மணி நேரத்தில்.

கம்பியை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது?

ஒலி மங்கினால், ட்யூன் நிற்காவிட்டால், ஃப்ரெட் படும் இடத்தில் கம்பி கறுத்துச் சொரசொரப்பானால். தினமும் வாசித்தால் மாதம் ஒருமுறை சாதாரணம். பூச்சு பூசிய கம்பிகள் அதைவிட நெடுநாள் உழைக்கும். கையைக் கழுவிவிட்டு வாசியுங்கள். வாசித்து முடித்ததும் துணியால் துடையுங்கள்.

ட்ரஸ் ராடைத் திருகினால் ஆக்‌ஷன் இறங்குமா?

கழுத்துக்குள் ஓடும் உலோகக் கம்பிதான் ட்ரஸ் ராட். அதன் திருகு அதற்கானது இல்லை. கழுத்தின் வளைவை மட்டும் சரிசெய்ய வேண்டியது. முதல் ஃப்ரெட்டையும் 14-ஆவது ஃப்ரெட்டையும் ஒரே கம்பியில் அழுத்திப் பிடித்தால், நடுவில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு தடிமனுக்கு இடைவெளி இருக்க வேண்டும், கால் மில்லிமீட்டர் அளவில். அது கூடினால் அல்லது இல்லாமலே போனால் மட்டும் ட்ரஸ் ராடைத் தொடுங்கள், ஒரு தடவைக்குக் கால் சுற்று. இறுக்கமாக இருந்தால் நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

பழைய கிட்டார் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

நான் அதிகம் தவறு செய்ததும் அதிகம் கற்றதும் இங்கேதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சேடிலைப் பாருங்கள். பிரிட்ஜின் மேல் எலும்பிலோ பிளாஸ்டிக்கிலோ நிற்கும் அந்த வெள்ளைத் துண்டு நன்றாக எழும்பி நிற்க வேண்டும். அதைத் தேய்த்துத் தேய்த்துப் பிரிட்ஜோடு ஒட்டியிருந்தால், ஆக்‌ஷனைக் குறைக்க முந்தையவர் எல்லா வழியையும் பார்த்துவிட்டார் என்று பொருள். நீளமான நேர் அளவுகோல் ஒன்றை ஃப்ரெட்டுகளின் மேல் வைத்து பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். அதன் முனை பிரிட்ஜின் மேல்தளத்தைத் தொட்டோ, ஒரு மயிரிழை மேலேயோ போக வேண்டும். பிரிட்ஜின் முன்பக்கத்தில் இடித்தால் கழுத்தின் கோணம் சரிந்துவிட்டது. நெக் ரீசெட் வேண்டும்: கழுத்தை நீராவியால் கழற்றி, கோணத்தைச் செதுக்கி, மறுபடி பொருத்துகிற பெரிய வேலை.

பல பத்தாண்டுகள் இழுபட்ட கிட்டாருக்கு இது இயல்பானது, குற்றம் இல்லை. ஆனால் அந்தச் செலவைச் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். போல்ட் போட்டு இணைத்த கழுத்தாக இருந்தால் வேலை மிக எளிது. டெய்லர் நிறுவனம் 1999-இலிருந்து செய்துவரும் கழுத்து அந்த வகை.

அடுத்து, ஒரு சிறு கண்ணாடியையும் விளக்கையும் ஒலித்துளைக்குள் விட்டு உள்ளே பாருங்கள். மேல்பலகையை விரல் முட்டியால் மெல்லத் தட்டுங்கள். கலகலவென்று சத்தம் வந்தால் சட்டம் ஏதோ விட்டுக்கொண்டிருக்கிறது. பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் பிரிட்ஜ் எழும்பத் தொடங்கியிருக்கிறது. பிரிட்ஜுக்குப் பின்னால் லேசான உப்பல் இருப்பதில் தவறில்லை. ட்யூன் செய்யும் சாவிகள் உள்ள தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக் கழுத்தோடு சேரும் இடத்தைப் பின்பக்கத்திலிருந்து, வெளிச்சத்தைச் சாய்த்து, நிதானமாகப் பாருங்கள். அங்கே உடைந்து ஒட்டப்பட்டிருந்தால் வாசிக்கக் கெடுதல் இல்லை. மதிப்பு மட்டும் வெகுவாகக் குறையும். நான் வாங்கிய ஒன்றில் அந்த ஒட்டை வண்ணம் பூசி மறைத்திருந்தார்கள். விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எல்லாம் பார்த்த பிறகு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசியுங்கள். நேரம் பிடிக்கும். கடைக்காரரோ விற்பவரோ பொறுமை இழந்தால் இழக்கட்டும்.

கிட்டாருக்குக் கிட்டார் மாற்றிக்கொள்வது நல்ல யோசனையா?

எனக்குப் பிடித்தமான வழி அதுதான். ஒருவர் வாசிக்காமல் வைத்திருப்பது இன்னொருவர் தேடிக்கொண்டிருப்பதாக இருக்கும். பணம் அதிகம் புழங்காமலே பத்து வருடத்தில் ஏழெட்டுக் கிட்டார்களோடு பழகிவிடலாம். காது பழகுவது அப்படித்தான். ஸ்ப்ரூஸ் மேல்பலகைக்கும் சிடாருக்கும், சிறியதற்கும் பெரியதற்கும், தேய்ந்த ஃப்ரெட்டுக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடு ஒவ்வொன்றோடும் ஒரு வருடமாவது இருந்தால்தான் விளங்கும்.

என் கிட்டாரின் குறைகளை அவர் கேட்பதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிடுவேன். எங்கே வெடிப்பு, எப்போது ரிப்பேர், எந்தப் பகுதி அசல், எது மாற்றியது என்று. அதையே அவரிடமும் எதிர்பார்ப்பேன். கூடவே ஒரு வாரம் இருவரும் வைத்து வாசித்துவிட்டு, பிடிக்காவிட்டால் திருப்பிக்கொள்வது என்று பேசிக்கொள்வோம். இந்த ஒரு வாரத்தில் மூன்று முறை மாற்று கைவிடப்பட்டிருக்கிறது. அதில் யாருக்கும் மனக்கசப்பு இல்லை. ஒருவர் இன்றும் நண்பர்.

ஆவலில் இருக்கும்போது மட்டும் மாற்றிக்கொள்ளாதீர்கள். புதிய கிட்டாரின் முதல் அரைமணி நேரம் எல்லோரையும் மயக்கும்.

விற்றுவிட்டு வருந்தியது உண்டா?

உண்டு. மஹோகனி மேல்பலகை கொண்ட சின்னக் கிட்டார் ஒன்று. சத்தம் குறைவு, ஆனால் எடுத்தவுடன் ஏதோ ஒரு மெட்டு தானாக வரும். பெரிய டிரெட்நாட் ஒன்றின் மேல் ஆசைப்பட்டு அதை மாற்றினேன். டிரெட்நாட் எல்லா விதத்திலும் உயர்ந்த கருவி. ஆனால் அது வந்த பிறகு நான் வாசிக்கும் நேரம் பாதியாகக் குறைந்தது. ஆறு மாதம் கழித்துத்தான் அதைக் கவனித்தேன்.

அதிலிருந்து விற்க நினைக்கும் கிட்டாரை மூன்று மாதம் பெட்டியில் பூட்டிக் கண்ணுக்கு மறைவாக வைக்கிறேன். நடுவில் ஒருநாளாவது அதைத் தேடிக் கை போனால் விற்பதில்லை.

எத்தனை கிட்டார் போதும்?

ஸ்பானிய மேதை அந்திரேஸ் செகோவியா, ஹெர்மன் ஹவுசர் 1937-இல் செய்த ஒரு கிட்டாரை 1962 வரை தன் முதன்மைக் கருவியாக வாசித்தார். இருபத்தைந்து வருடம்! இப்போது அது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம்மில் பலருக்கு எஃகுக் கம்பியில் ஒன்று, நைலான் கம்பியில் ஒன்று, பயணத்துக்கு ஒன்று என்பது நிறைவான எண்ணிக்கை. கம்பி மாற்றவே நேரம் கிடைக்காத அளவுக்குச் சேர்ந்துவிட்டால் சிலவற்றை வாசிக்கிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

கீறலும் தேய்மானமும் மதிப்பைக் குறைக்குமா?

விற்பனையில் குறைக்கும். ஒலியில் பெரும்பாலும் இல்லை. அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969 முதல் வாசித்துவரும் நைலான் கம்பி மார்ட்டினைப் பாருங்கள். விரலும் மீட்டும் சிறு தகடான பிக்கும் உரசி உரசி, ஒலித்துளைக்குக் கீழே பலகையில் இன்னொரு ஓட்டையே விழுந்துவிட்டது. அவ்வப்போது பழுது பார்த்து அதிலேயே வாசிக்கிறார்.

இன்னொன்று, 1935-இல் செய்த ஒரு மார்ட்டின் டி-28. அதன் ஒலித்துளையை யாரோ பெரிதாக அறுத்துவிட்டிருந்தார்கள். அமெரிக்கக் கிட்டார் கலைஞர் கிளாரன்ஸ் வைட் அதை வாசித்தார். அவர் கையைவிட்டுப் போன அதை, அவர் இறந்த பிறகு 1975-இல் இன்னொரு கிட்டார் கலைஞரான டோனி ரைஸ் தேடிப் பிடித்து வாங்கினார். 1993-இல் வெள்ளத்தில் நனைந்தும் பிழைத்தது. அறுத்துக் கெடுத்தது என்று சொல்லத்தக்க அந்தக் கிட்டாரின் ஒலியைப் பிடிக்கத்தான் பிறகு பலர் அதே அளவுத் துளையோடு புதிதாகச் செய்யத் தொடங்கினார்கள்.

நீங்களாகவே வார்னிஷை உரித்து மறுபூச்சு மட்டும் செய்யாதீர்கள். பழைய கிட்டாருக்கு அதுதான் பெரிய இழப்பு.

ரோஸ்வுட் கிட்டாரோடு நாட்டின் எல்லையைக் கடந்தால் சிக்கலா?

எந்த ரோஸ்வுட் என்பதைப் பொறுத்தது. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் அழியும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. அந்த மரத்தில் செய்ததை வெளிநாட்டவருக்கு விற்க உரிய ஆவணம் வேண்டும். மார்ட்டின் நிறுவனம் 1969-லேயே அதன் வழக்கமான உற்பத்தியில் இந்திய ரோஸ்வுட்டுக்கு, அதாவது நம் ஈட்டி மரத்துக்கு, மாறிவிட்டது. 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனம் முழுவதும் கட்டுப்பாட்டுக்குள் வந்து எல்லோரும் திண்டாடினோம். 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு இல்லை. நட்டும் சேடிலும் தந்தமாக இருந்தாலும் இதே கவனம் தேவை.

அஞ்சலில் அனுப்புவது எப்படி?

கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். கெட்டியான பெட்டிக்குள் வைத்து, ஹெட்ஸ்டாக்கின் அடியிலும் இருபுறமும் துணியோ காகிதமோ திணித்து அது ஆடாமல் செய்யுங்கள். வழியில் உடைவது பெரும்பாலும் அந்த இடம்தான். பெட்டியை இன்னொரு அட்டைப்பெட்டிக்குள் வையுங்கள். வந்து சேர்ந்ததும் உடனே திறக்க வேண்டாம். ஒருநாள் அறையின் வெப்பத்துக்குப் பழகட்டும்.

விரல் மூட்டுகள் வலிக்கின்றன. நிறுத்திவிட வேண்டுமா?

மருத்துவரைப் பாருங்கள், ஆனால் கிட்டாரை விற்க அவசரப்படாதீர்கள். 12-53 அளவுக் கம்பியிலிருந்து (முதல் கம்பியின் தடிமன் 0.012 அங்குலம், ஆறாவது 0.053) 11 அல்லது 10-இல் தொடங்கும் மெல்லிய கம்பிகளுக்கு இறங்குங்கள். முழுக் கிட்டாரையும் அரைச் சுரமோ ஒரு சுரமோ தாழ்த்தி ட்யூன் செய்தால் இழுவிசை இன்னும் குறையும். பாடகருக்குச் சுருதி வேண்டுமானால், கழுத்தில் மாட்டிக் கம்பிகளை அழுத்தும் கேப்போ போட்டுக்கொள்ளலாம். கம்பி நீளம் குறைந்த கிட்டாருக்கு மாறலாம். அப்புறம் நைலான் கம்பி இருக்கவே இருக்கிறது. எஃப் போல ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்தும் பார் கார்டுகளை நான் ஐம்பத்தெட்டு வயதில் பாதி விட்டுவிட்டேன். மூன்று விரலில் பிடிக்கும் சின்ன வடிவங்களைத் தேடிப் போனதில், இத்தனை வருடம் கழுத்தின் மேல்பகுதியில் தொடாமலே வைத்திருந்த இடங்கள் தெரியவந்தன.

பல வருடம் விட்டுவிட்டேன். மறுபடி வருமா?

வரும். அமெரிக்க நாட்டுப்புற இசைக்கலைஞர் எலிசபெத் காட்டனை நினைத்துக்கொள்ளுங்கள். இடக்கைக்காரர். வலக்கைக்காரர்களுக்கான கிட்டாரை அப்படியே தலைகீழாகப் பிடித்து, கட்டைவிரலால் மெட்டையும் மற்ற விரல்களால் தாழ்ந்த கம்பிகளையும் மீட்டினார். சிறு வயதில் கற்றதைப் பல பத்தாண்டுகள் விட்டிருந்தார். ஒரு இசைக் குடும்பத்தின் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தபோது, அறுபதை ஒட்டிய வயதில், அங்கே மாட்டியிருந்த கிட்டாரை எடுத்து மறுபடி வாசித்தார். முதல் இசைத்தட்டு 1958-இல் வந்தது. தொண்ணூறைக் கடந்தபின் கிராமி விருது வாங்கினார்.

முதல் இரண்டு வாரம் விரல் நுனி எரியும். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

எனக்குப் பிறகு இந்தக் கிட்டார்கள் என்ன ஆகும்?

இந்தக் கேள்வியைச் சமீப காலமாகத்தான் அதிகம் கேட்கிறார்கள், நானும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்றின் மதிப்பும் தெரியாது. எல்லாம் ஒரே மாதிரியான மரப்பெட்டிகள். அதனால் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு தாள் வைத்திருக்கிறேன்: செய்தவர், வரிசை எண், வாங்கிய வருடம், செய்த ரிப்பேர்கள், போட வேண்டிய கம்பி அளவு, யாரிடம் காட்டி மதிப்புக் கேட்க வேண்டும் என்பது.

மூன்றில் ஒன்றுக்கு இப்போதே ஆள் முடிவாகிவிட்டது. என்னிடம் கற்றுக்கொள்ள வரும் பதினான்கு வயதுப் பெண். அவள் வருகிற நாட்களில் மற்ற இரண்டைத் தொடுவதில்லை, நேராக அந்தச் சிடார் மேல்பலகைக் கிட்டாரிடம்தான் போகிறாள். அவளுடைய பெயரையும் அந்தத் தாளில் எழுதிவிட்டேன். போன மாதம் அதன் ஃப்ரெட்டுகளைச் சமன்செய்து, அவள் விரலுக்குத் தகுந்தபடி கம்பியை 10-க்கு மாற்றிவைத்தேன்.